20 மில்லிமீட்டர் சுதந்திரம்: டைவிங் வாட்ச்சும் அதன் வார்களும்

1

போன மழைக்காலத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கோவைக்காரர். கல்லூரி நாட்களில் ஒன்றாகப் பசை காய்ச்சிச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறோம். இப்போது சென்னையில் மென்பொருள் கம்பெனி ஒன்றில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் உள்ளே போய் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். திறந்தால் உள்ளே ஒரு வாட்ச். ஒமேகா சீமாஸ்டர், 300 மீட்டர் ஆழம் தாங்கும் டைவிங் வாட்ச். பக்கத்தில் சுருட்டி அடுக்கிய 11 ஸ்ட்ராப்கள்: எஃகுச் செயின், ரப்பர், நைலான், தோல். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டே வந்தவர், கோடுபோட்ட நைலான் பட்டையைத் தூக்கிப் பிடித்து, "இது நேட்டோங்க தோழர்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். 2011இல் லிபியாமீது நேட்டோ குண்டு வீசியபோது, கல்லூரிச் சுற்றுச்சுவரில் நேட்டோவைத் திட்டிக் கரியால் எழுதி, மறுநாள் முதல்வர் அறைக்கு வெளியே நின்றவர் இவர். அதே ஆள் இன்று நேட்டோவைக் காசு கொடுத்து வாங்கி மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார். நான் சொல்லாமலேயே அவருக்கும் புரிந்துவிட்டது. "பேரு அப்படிங்க, அதுக்கு நான் என்ன பண்ண?" என்றார். சிரித்தார்தான், ஆனால் முகம் சுருங்கியிருந்தது.

திரும்பி வந்தபிறகு அந்தச் சிரிப்பு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பண்டம் என்றால் மாயை, ஆடம்பரம் என்றால் துரோகம், வாங்கியவன் வீழ்ந்தவன் என்று மூன்றே வாக்கியங்களில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த மூன்று வாக்கியங்களும் வாட்ச்சுக்கும் பொருந்தும், காருக்கும் பொருந்தும், பட்டுப்புடவைக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற விமர்சனம் எதையும் வாசிப்பதில்லை. ஒரு நாவலையோ கவிதையையோ இப்படி மூன்று வரியில் தள்ளிவிட்டால் இந்தப் பக்கங்களில் எத்தனை பேர் சண்டைக்கு வருவார்கள்! எனவே அந்த மரப்பெட்டியை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வரிவரியாக வாசித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். வாசிக்க வாசிக்க, என் சிரிப்பில் ஒரு தகவல் பிழையும் ஓர் அரசியல் பிழையும் இருந்தது தெரியவந்தது.

2

முதலில் முகப்பு. டைவிங் வாட்ச்சின் முகப்பு பேசுவது ஆழத்தைப் பற்றி. 1953இல் பிளாங்பான் கம்பெனி கொண்டுவந்த வாட்ச்சின் பெயரே ஐம்பது பாகம் என்று பொருள்படும் 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்'. அது ஏறத்தாழ 91 மீட்டர். அதே காலத்தில் வந்த ரோலக்ஸ் சப்மரினரின் தொடக்க மாதிரிகள் 100 மீட்டர் தாங்கின, இன்றையவை 300 மீட்டர். ஆனால் பொழுதுபோக்காக முக்குளிப்பவருக்குப் பயிற்சி அமைப்புகள் வைத்திருக்கும் எல்லை 40 மீட்டர்தான். மீதி 260 மீட்டர் எங்கே போகிறது? அது கடலுக்குள் போகவில்லை, கூட்ட அறைக்குள் போகிறது. சட்டைக் கைப்பட்டிக்கு வெளியே எட்டிப் பார்க்கிற எஃகின் கனமாக மாறுகிறது. ரொலான் பார்த் 1957இல் வெளிவந்த 'தொன்மங்கள்' நூலில் காட்டியது இதைத்தான்: ஒரு பொருளின் நேர்ப்பொருள் காலிசெய்யப்பட்டு, அந்தக் காலியிடத்தில் இன்னொரு பொருள் குடியேறுகிறது. 300 மீட்டர் என்பது ஓர் அளவையாக இருந்தது. இப்போது அது ஒரு குணச்சித்திரம்.

ஆனாலும் இந்தப் பொருளை வெறும் பாசாங்கு என்று சொல்லிவிட முடியாது. முகப்பைச் சுற்றியிருக்கும் சுழல் வளையத்தைப் பாருங்கள். முக்குளிப்பவர் தண்ணீரில் இறங்கும்போது அதன் குறியை நிமிடமுள்ளுக்கு நேராக வைத்துக்கொள்வார். எவ்வளவு நேரம் கீழே இருந்தோம் என்று அது காட்டும். காற்று எவ்வளவு மிச்சம், மேலே வரும்போது எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் தொங்கும். இன்றைய டைவிங் வாட்ச்சில் அந்த வளையம் ஒரு திசையில் மட்டுமே சுற்றும். எதிலாவது இடித்துத் தவறிச் சுற்றிவிட்டாலும், கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. அதாவது பிழை நேர்ந்தால் ஆள் சீக்கிரம் மேலே வருவார். பிழையைக்கூட உயிரின் பக்கம் சாய்த்து வைத்த பொறியியல் அது. அதைச் செய்த கைகளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் விமர்சனம் தொடங்க வேண்டும்.

1980களில் முக்குளிப்புக் கணினி வந்தது. ஆழம், நேரம், மேலேறும் வேகம் எல்லாவற்றையும் அதுவே கணக்கிட்டது. டைவிங் வாட்ச்சின் வேலை அதோடு போயிற்று. அதற்கு முன்பே, 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டிருந்தது. விசைச்சுருளில் ஓடும் கடிகாரம் நேரம் காட்டுவதிலேயே தோற்றுப்போனது. 1970இல் சுவிட்சர்லாந்துக் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தார்கள். 1980களின் நடுவில் அதில் மூன்றிலொரு பங்குதான் மிச்சம். இன்று நாம் காணும் ஆடம்பர வாட்ச் இந்த ஆட்குறைப்புக்குப் பிறகு பிறந்தது. பயன்மதிப்பு செத்த இடத்தில், அந்தச் சாவையே தகுதியாகக் காட்டி விலை ஏறியது. 1962இல் ஜேம்ஸ் பாண்ட் முதன்முதலாகத் திரையில் சப்மரினர் கட்டியபோது அது ஒரு கருவி. 1995இல் 'கோல்டன்ஐ' படத்தில் அவர் ஒமேகா சீமாஸ்டர் கட்டியபோது அது ஒரு ஒப்பந்தம்.

இருட்டில் ஒளிரும் எண்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து ஆரஞ்ச் நகரில், 1917 முதல் இளம்பெண்கள் கடிகார முகப்புகளில் ரேடியம் சாயம் தீட்டினார்கள். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தாடை எலும்பு அழுகிச் செத்தவர்கள் போக, மிஞ்சியவர்கள் தொடுத்த வழக்கு 1928இல் சமரசமாக முடிந்தது. ரேடியத்துக்குப் பிறகு டிரிட்டியம் வந்தது, 1990களில் கதிரியக்கமில்லாத சாயம் வந்தது. இப்போது வேடிக்கை என்னவென்றால், புத்தம்புதிய வாட்ச்சில் அந்தத் தீங்கில்லாத சாயத்தையே பழுப்பாக்கித் தீட்டுகிறார்கள். பழைய ரேடியமும் டிரிட்டியமும் வயதாகி மங்கிய நிறமாம் அது, பார்க்க 'கிளாசிக்'காக இருக்குமாம். அந்தப் பெண்களின் உதடு துடைத்தெடுக்கப்பட்டு, நிறம் மட்டும் கடைக்கு வருகிறது.

3

இனி வார். நீர்புகாக் கைக்கடிகாரத்தின் புகழ்க்கதை தொடங்கிய இடத்தில் வாரே கிடையாது, கழுத்துதான் இருந்தது. மெர்சிடிஸ் கிளைட்ஸ் லண்டனில் தட்டச்சு வேலை பார்த்த பெண். 1927 அக்டோபர் 7ஆம் தேதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். சில நாட்களில் இன்னொரு பெண் தானும் கடந்ததாகப் பொய் சொல்லி மாட்டிக்கொள்ள, கிளைட்ஸின்மீதும் சந்தேகம் விழுந்தது. பொய் சொன்னது வேறொருத்தி, நிரூபிக்க வேண்டியவர் இவர்! அக்டோபர் 21ஆம் தேதி மறுபடியும் குளிர்ந்த கடலில் இறங்கினார். ரோலக்ஸ் முந்தின ஆண்டுதான் ஆய்ஸ்டர் என்ற நீர்புகாக் கடிகாரத்தைக் கொண்டுவந்திருந்தது. அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நீந்தினார். பத்து மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தும் கரை சேரமுடியாமல் தூக்கியெடுக்கப்பட்டார். நவம்பர் 24ஆம் தேதி 'டெய்லி மெயில்' நாளிதழின் முதல் பக்கம் முழுக்க ரோலக்ஸ் விளம்பரம். பெண்ணால் முடிக்க முடியாத நீச்சலில் கடிகாரம் வென்றது.

கிளைட்ஸ் நீந்திச் சேர்த்த பணத்தில், வீடும் வேலையும் இல்லாதவர்களுக்காக 1933இல் லெஸ்டர் நகரில் இல்லங்கள் திறந்தார். வாட்ச் உலகம் அவரை நினைக்கும்போது கழுத்தில் தொங்கியதை மட்டும் நினைக்கிறது. பின்னாளில் கைக்கும் கடிகாரத்துக்கும் நடுவே வரப்போகிற எல்லா வார்களுக்கும் இந்தக் கழுத்துதான் முன்னோடி என்பது என் வாசிப்பு. உடலைப் பொருளோடு பிணைக்கிற இடம் அது. அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் உடல் காணாமல் போகும்.

4

நண்பரின் வாட்ச்சில் வார் மாட்டும் இரண்டு கொம்புகளுக்கும் நடுவே உள்ள அகலம் 20 மில்லிமீட்டர். இந்தப் பொருளில் சொந்தக்காரர் கை வைக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். பின்மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும். உள்ளே ஓடுவதைத் தொடக் கம்பெனி அங்கீகரித்த ஆள் வேண்டும். முகப்பை மாற்றினால் 'ஒரிஜினல்' கெட்டுவிடும். வாரை மட்டும், விசை வைத்த சிறு ஊசியை அமுக்கி, ஐந்து நிமிடத்தில் யாரும் கழற்றி மாட்டலாம். பல லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு பொருளில் வாங்கியவருக்கு விடப்பட்டிருக்கும் ஆட்சிப்பரப்பு 20 மில்லிமீட்டர்.

பார்த் 1967இல் எழுதிய 'மோஸ்தர் அமைப்பு' நூலில் ஆடை மொழியைப் பொருள், தாங்கி, மாறி என்று மூன்றாகப் பிரிப்பார். இங்கே வாட்ச் பொருள்; வார் தாங்கி; ரப்பரா நைலானா தோலா என்பது மாறி. மாறி மாறும்போதெல்லாம் அர்த்தம் மாறுகிறது: எஃகு என்றால் அலுவலகம், ரப்பர் என்றால் விடுமுறை, நைலான் என்றால் சாகசம், தோல் என்றால் மாலை விருந்து. போத்ரியா 1968இல் 'பொருள்களின் அமைப்பு' நூலில் இன்னும் ஒரு படி போனார். ஒரே அச்சில் வார்த்த பண்டங்களுக்கு நடுவே அவசியமற்ற வித்தியாசங்கள் தூவப்படுகின்றன, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதையே தன் தனித்துவம் என்று நுகர்பவர் நம்பவைக்கப்படுகிறார் என்றார்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் கட்டுரை முடிந்திருக்கும்: வார் என்பது பொய்ச் சுதந்திரம், என் நண்பர் ஏமாளி, நான் புத்திசாலி. ஆனால் அந்த 11 வார்களும் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொரு வாரையும் யார் எழுதினார்கள் என்று கேட்டால் அவை வேறு வேறு கதைகளைச் சொல்கின்றன.

5

நேட்டோ வாரிலிருந்து தொடங்குகிறேன். என் தகவல் பிழை இதில்தான். நேட்டோ அமைப்பு இப்படி ஒரு வாரைக் கட்டியதுமில்லை, கட்டச் சொன்னதுமில்லை. 1973இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் தன் படையினருக்கான நைலான் கடிகார வாருக்கு ஒரு தரவரையறை வெளியிட்டது. அகலம் 20 மில்லிமீட்டர், நிறம் சாம்பல், அது ஒன்றே. படைவீரன் ஜி1098 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்து அதை வாங்க வேண்டும். அதனால் படையில் அதன் பெயர் ஜி10. நேட்டோ நாடுகளின் பொதுவான இருப்புப் பட்டியலில் அதற்கு ஓர் எண் இருந்தது. அந்த எண்ணிலிருந்து வியாபாரிகள் எடுத்த பெயர்தான் 'நேட்டோ'. கோடுபோட்டது இன்னொரு வழியில் வந்தது. 1964இல் 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் பாண்ட் தன் சப்மரினரை ஒரு கோடுபோட்ட நைலான் பட்டையில் கட்டியிருப்பார். அகலம் போதாமல் இருபுறமும் இடைவெளி தெரியும். பட்டை 1964, தரவரையறை 1973. சந்தை இரண்டையும் ஒன்றாகத் தைத்துவிட்டது.

ஆக, அந்த வார் தேர்வின் எதிர்ப்பதம். படிவத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொள்கிற, ஒரே நிறமுள்ள, திருப்பிக் கேட்டால் திருப்பித் தரவேண்டிய அரசு உடைமை. இன்று கடையில் நூறு நிறத்தில் தொங்குகிறது. தேர்வே இல்லாத ஒன்று தேர்வின் சின்னமாக விற்கப்படுகிறது. ராணுவத்தின் கீழ்ப்படிதல், ராணுவம் இல்லாத ஆணின் கையில் வீரமாக மாறுகிறது. என் நண்பர் ஏகாதிபத்தியத்தை வாங்கவில்லை, ஒரு குமாஸ்தாவின் படிவத்தை வாங்கியிருக்கிறார். ஒன்று சொல்ல வேண்டும்: அந்த வாரில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. ஒரே துண்டாகக் கடிகாரத்தின் அடியில் ஓடுவதால், ஓர் ஊசி அறுந்தாலும் மற்ற ஊசியில் கடிகாரம் தொங்கி நிற்கும்.

அடுத்தது, நடுவில் மஞ்சள் இழை ஓடும் நெய்த பட்டை. டூடர் கம்பெனி பிரெஞ்சுக் கடற்படைக்குத் தந்த சப்மரினர்கள் செயின் இல்லாமல் தலை மட்டுமாகப் போய்ச் சேர்ந்தன. வாருக்குக் கடற்படையே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். முக்குளிப்போர் பாராசூட்டின் இழுபட்டையை வெட்டித் தாங்களே வார் தைத்துக்கொண்டார்கள். இழுபடும் துணி, ரப்பர் உடைக்கு மேலேயும் ஏறும், வெறும் கையிலும் நிற்கும். கிடைத்ததை வைத்துத் தைத்துக்கொண்ட கைவேலை அது. இன்று அதே தோற்றத்தில் பட்டை நெய்து, கடற்படையின் பெயரோடு கம்பெனியே விற்கிறது. அன்று கம்பெனி தராமல் விட்ட இடத்தை உழைப்பவன் தன் கையால் நிரப்பினான். அந்த நிரப்பலையே இன்று கம்பெனி பண்டமாக்கித் திருப்பி விற்கிறது. நாட்டுப்புறப் பாட்டுக்கும் தெருக்கூத்துக்கும் நம் ஊரில் நடந்ததை இத்துடன் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, மடிப்பு மடிப்பாக உள்ள ரப்பர் வார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1968இல் ஹிரோஷிமா மாவட்டத்துக் குரேயிலிருந்து ஆழ்கடலில் வேலை செய்யும் ஒரு முக்குளிப்பாளர் செய்கோவுக்குக் கடிதம் எழுதினார்: 350 மீட்டர் ஆழத்து வேலைக்கு உங்கள் கடிகாரங்கள் தாங்காது என்று. ஏழு ஆண்டுகள் கழித்து, 1975இல், டைட்டானிய உடலோடு 600 மீட்டர் தாங்கும் வாட்ச் வந்தது. அதன் வாரில் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்புகள். காரணம் இதுதான். ஆழத்தில் அழுத்தம் கூடும்போது முக்குளிப்பு உடை நசுங்கி மெலியும், மணிக்கட்டின் சுற்றளவு குறையும், சாதாரண வார் தளர்ந்து தொங்கும். மேலே இழுபட்டுக் கட்டிய மடிப்பு, கீழே போகப்போகத் தானாகச் சுருங்கிக் கையைப் பிடித்துக்கொள்ளும். கடலின் அழுத்தமும் உழைக்கும் உடலும் சேர்ந்து எழுதிய வடிவம் அது. என் நண்பரிடம் இருந்தது அதன் நகல். குளிரூட்டிய அறையில் அந்த மடிப்புகள் சுருங்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

கடைசியாகத் தோல். 300 மீட்டர் ஆழம் தாங்கும் வாட்ச்சைத் தண்ணீர் பட்டால் ஊறிக் கெடும் தோலில் கட்டுவது ஒரு வாக்குமூலம்: இது ஒருநாளும் கடலுக்குள் போகப்போவதில்லை. சேகரிப்பாளர்கள் நடுவே ராணுவத் தோட்டாப் பைகளின் பழந்தோலை அறுத்துச் செய்த வாருக்குத் தனி மவுசு. அதன் கீறலும் கறையும் 'வரலாறு'. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியக் கடற்படையின் தவளைமனிதர்கள் கட்டிய பனராய் வாட்ச்சைச் சுற்றித்தான் இந்த மோகம் அதிகம். அவர்கள் முசோலினியின் அரசுக்காக நீந்தியவர்கள் என்பது வாரின் கறையில் எங்கும் தெரிவதில்லை.

தோல் என்று வரும்போது நமக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. தோலைத் தொடுகிற கை இந்த நாட்டில் எந்தச் சேரியில் வைக்கப்பட்டது? ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிட்டு ஏற்றுமதியானபோது பாலாற்றுக்கு என்ன ஆயிற்று என்பதை 1996இல் உச்சநீதிமன்றமே வேலூர்க் குடிமக்கள் வழக்கின் தீர்ப்பில் எழுதியது. நண்பரின் தோல்வாருக்கு உறையில் ஒரு சிறு அட்டை இருந்தது. எந்த விலங்கு, எந்த நூல், எந்தத் தையல் என்று எல்லாம் அதில் இருந்தது. பதனிட்ட கை மட்டும் இல்லை. தோல் அழகாக வயதாகும் என்று பேசத் தெரிந்த ரசனைக்கு, தோல் தொட்டவன் எப்படி வயதானான் என்று கேட்கத் தெரியவில்லை.

6

இப்போது 1973க்குத் திரும்புவோம். ஜி10 வாரின் தரவரையறை வந்த ஆண்டு. அதே ஆண்டு ஜூன் மாதம் பிரான்சின் பெசான்சோன் நகரில் லிப் கடிகாரத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள், நிர்வாகத்தின் காகிதங்களில் ஆட்குறைப்புத் திட்டத்தைக் கண்டுபிடித்துத் தொழிற்சாலையைக் கைப்பற்றினார்கள். இருப்பிலிருந்த கடிகாரங்களை எடுத்து ஒளித்துவைத்தார்கள். பிறகு தாங்களே கடிகாரம் செய்து, தாங்களே விற்று, தாங்களே சம்பளம் போட்டுக்கொண்டார்கள். ஆகஸ்டில் போலீஸ் புகுந்து வெளியேற்றியது. செப்டம்பர் 29ஆம் தேதி ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அந்த ஊரில் ஊர்வலம் போனார்கள்.

இந்த லிப்புக்கும் நாம் பேசுகிற பொருளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஃபிஃப்டி ஃபாதம்ஸ் வாட்ச் பிரான்சில் லிப்பின் பெயரையும் தாங்கி விற்கப்பட்டது. அந்த இரட்டைப் பெயர் முகப்புகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். ஆனால் அவர்களுடைய பேச்சில் 1973 என்றால் சாம்பல்நிற வார்தான். வாரின் அகலத்தை மில்லிமீட்டர் கணக்கில் நினைவு வைத்திருக்கும் ஒரு கலாச்சாரம், கடிகாரம் செய்தவர்கள் ஒரு கோடைகாலம் தங்கள் நேரத்தைத் தாங்களே ஆண்டதை நினைவு வைக்கவில்லை. பண்ட வழிபாடு மறதியை உண்டாக்குகிறது என்று பொதுவாகச் சொல்வோம். மறதியோடு நுணுக்கமான ஞாபகத்தையும் அது உண்டாக்குகிறது என்பது இங்கே தெரிகிறது. எதை ஞாபகம் வைப்பது என்பதில்தான் அரசியல்.

இன்னும் பின்னால் போகலாம். மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் உழைப்புப் பிரிவினையை விளக்க எடுத்துக்கொண்ட பண்டங்களில் கடிகாரமும் ஒன்று. ஒரு கைவினைஞன் முழுதாகச் செய்த பொருள், எத்தனை பகுதித் தொழிலாளர்களின் கூட்டு உற்பத்தியாக மாறிற்று என்று நீண்ட பட்டியலே போடுவார். குரோபோத்கின் 1872இல் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைக் கடிகாரத் தொழிலாளர்களோடு சில நாட்கள் தங்கினார். தலைவன் தொண்டன் இல்லாமல் அவர்கள் பேசிக்கொள்வதைப் பார்த்து, தான் ஓர் அராஜகவாதி என்று முடிவுசெய்ததாகத் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு செப்டம்பரில் அதிகார எதிர்ப்பு அகிலம் கூடியது செயின்ட் இமியே என்ற ஊரில். லான்ஜின் கம்பெனியின் ஊர் அது. இன்று அங்கிருந்து வரும் டைவிங் வாட்ச்சுக்கும் ரப்பர், நைலான், தோல் எல்லாம் கிடைக்கும். அகிலம் மட்டும் கிடைக்காது.

7

இவ்வளவையும் எழுதிக்கொண்டு நண்பரிடம் திரும்பப் போனேன். படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"எல்லாம் சரிங்க தோழர். எங்கப்பா முப்பது வருசம் மில்லு சங்குக்கு எந்திரிச்சவரு. சங்கு ஊதுனா ஷிப்டு, சங்கு ஊதுனா சோறு. சங்கு சரியா ஊதுதா, முன்னப் பின்ன ஊதுதான்னு கேக்கறதுக்கு அவருகிட்ட வாட்ச் இல்லைங்க. மில்லை மூடுன வருசம் வந்த காசுல ஒரு ஹெச்எம்டி ஜனதா வாங்குனாரு. அப்ப அவருக்கு எங்கயும் நேரத்துக்குப் போக வேண்டியதே இல்லை. வாரு அறுந்து போச்சு. மாத்தவே இல்லை. சட்டைப் பையில போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு. நான் இத வாங்குனது கடலுக்குப் போறதுக்கு இல்லைங்க."

என் அரசியல் பிழை இதில் இருந்தது. ஈ.பி. தாம்ப்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஆலை முதலாளிகள் கடிகாரத்தைக் காலையில் முன்னேயும் இரவில் பின்னேயும் தள்ளிவைத்து நேரம் திருடியதையும், தொழிலாளி தன்னிடம் கடிகாரம் வைத்திருக்கவே பயந்ததையும் சாட்சியங்களோடு காட்டுவார். நேரத்தை அளக்கும் கருவி யார் கையில் இருக்கிறது என்பது வர்க்கப் போராட்டத்தின் கேள்வியாக இருந்திருக்கிறது. 1830 ஜூலைப் புரட்சியில் பாரிஸ் மக்கள் கோபுரக் கடிகாரங்களை நோக்கிச் சுட்டதை வால்டர் பெஞ்சமின் நினைவுபடுத்துவார். சுடுவதற்குத் துப்பாக்கி இல்லாத, மில் தொழிலாளியின் மகன், கடிகாரத்தை விலைக்கு வாங்குகிறான். அவன் ஆசையின் வேரில் இருப்பது வெறும் பகட்டு என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன உரிமை? முதல் பதிப்புப் புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்து, அட்டை மடங்கினால் பதறுகிறவன் நான்.

ஆனாலும் ஆசையின் வேர் நியாயமானது என்பதால் அதன் கிளையும் நியாயமாகிவிடாது. இதையும் அவரிடம் சொன்னேன். சங்கிடமிருந்து நேரத்தைப் பிடுங்க வேண்டும் என்ற வெறி, தவணை கட்டுவதற்காக இரவு பத்து மணிக்கும் கம்பெனி அழைப்புக்குக் காத்திருப்பதில் போய் முடிகிறது. அப்பாவுக்குச் சங்கு ஊதி நிறுத்தியாவது தொலைத்தது, மகனுக்கு நிறுத்துகிற சங்கே இல்லை. அவர் கையில் இருக்கும் வாட்ச் நேரத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது, அந்த நேரம் அவருடையதாக இல்லை. நேரத்தின் சொந்தக்காரனாக ஆக முடியாதவனுக்கு நேரம் காட்டும் பொருளின் சொந்தக்காரன் என்ற பதவி தரப்பட்டிருக்கிறது. பொருளிலும் அவனுக்கு விட்டது 20 மில்லிமீட்டர். லிப் தொழிலாளர்கள் கேட்டது இந்த இடைவெளியை அல்ல.

டைவிங் வாட்ச்சுக்கு அய்.எஸ்.ஓ. 6425 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. அதன்படி வார் மாட்டும் ஒவ்வொரு இணைப்பையும் 200 நியூட்டன் விசையில் இழுத்துப் பார்க்க வேண்டும், ஏறத்தாழ 20 கிலோ எடை தொங்குகிற இழுவை. பிணைப்பு எவ்வளவு தாங்கும் என்று இழுத்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்பது நல்ல விதி. நமக்கும் பொருளுக்கும், நமக்கும் பழைய தோழமைக்கும் இடையிலுள்ள பிணைப்புகளையும் சிரித்து ஒதுக்காமல் இழுத்துப் பார்க்கலாம். இந்தக் கட்டுரை அப்படி ஓர் இழுவை.

கிளம்பும்போது நண்பர் அப்பாவின் ஜனதாவை எடுத்துவந்தார். அந்த வாட்ச்சைச் செய்த கம்பெனியை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. சாவி கொடுத்தார், ஓடியது. "இதுக்கு ஒரு வார் பாத்துச் சொல்லுங்க" என்றார். பெட்டியிலிருந்த பதினொன்றையும் வைத்துப் பார்த்தோம். ஜனதாவின் அகலம் 18 மில்லிமீட்டர். ஒன்றும் பொருந்தவில்லை. பழையபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார்.